அக்கா காட்டிய கடப்பு

எங்கள் ஊர்ப் பிரதான வீதியில், நடந்து போகிறவர்கள் கடக்கவென்று ஒரு மஞ்சள் கடவை இருக்கிறது. அதன் ஒரு முனை வேலியில் போய் முட்டும். மறு முனை வடிகானுக்குள் இறங்கும். எங்கள் உயிரைக் காப்பாற்றவென்று அரசாங்கம் போட்டுத் தந்தது. அதால் ஒருவர் கடக்க வேண்டுமென்றால் முதலில் வேலி பாயத் தெரிந்திருக்க வேண்டும். மாரி காலமென்றால் நீந்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்று, மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு கீலம் நிலம் எங்கள் ஊர். தேற்றாத்தீவைத் தாண்டி பஸ்சில் வருகிறவர்களுக்கு அது ஊராகத் தெரியாது. யன்னலுக்குள் சில தென்னைகள், ஒரு கோபுரம், வரிசையாகத் தொங்கும் பூசணிக்காய்கள், அவ்வளவுதான், முடிந்துவிடும். ஆனால் வீதி எங்களை நெடுக்காகக் கீறிக்கொண்டு போகிறது. வீடு வாவிப் பக்கம், தோட்டம் கடற்பக்கம். கோயில் இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். உப்பு வாங்கவும் வீதி கடக்க வேண்டும், பிணம் எடுக்கவும் வீதி கடக்க வேண்டும். பிறந்து கண் விழித்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒருவர் செய்கிற வேலை என்னவென்று கேட்டால், கடக்கிற வேலை என்றுதான் சொல்வேன்.

ஒரு காலத்தில் இந்த வீதி குண்டும் குழியுமாய்க் கிடந்தது. வாகனங்கள் ஆமை போல வந்தன. அதற்கு முன்னொரு காலத்தில் மண்மூட்டைக் காவலரண்கள் இருந்தன, வாகனத்தில் வந்தவர்களெல்லாம் இறங்கி நடந்தார்கள். அந்த மெதுவைத் திரும்பக் கேட்கும் விசர் எனக்கில்லை. பிறகு சமாதானம் வந்தது, அதன் பின்னால் காபட் வீதி வந்தது. கம்பளம் போல விரித்தார்கள். வீட்டுக் கம்பளமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு மிதிப்போம். இந்தக் கம்பளத்தில் எதைக் கழற்றிவிட்டுக் கால் வைப்பதென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அகலமாக்கும்போது வேலிகளை உள்ளே தள்ளினார்கள். அக்காவின் வளவு, வீடும் மரங்களுமாய், வீதிக் கரையில். எங்கள் பக்கம் வீடு வளவு பெண் பிள்ளைக்குத்தான். ஆம்பிளைகள் கலியாணம் முடித்து பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவோம். நான் பாலம் தாண்டி, வயல்களுக்குள்ளால் போய் வெல்லாவெளியில் குடியேறினேன். அக்கா அம்மாவின் வளவில் இருந்தாள். ஒரு நாள் ஒருவர் வந்து, "இது உங்கட கடப்பா?" என்று கேட்டாராம். வளவுக்குள் போய்வர வேலியில் விடுகிற வாயிலை நாங்கள் கடப்பு என்போம். "ஓம்" என்றிருக்கிறாள் அக்கா. அவர் நாடா பிடித்து அளந்துகொண்டு போனார். பிறகு இயந்திரம் வந்தது. கடப்பும் போயிற்று, கடப்படியில் நின்ற இரண்டு தென்னையும் போயிற்று. கேட்டதற்கு ஓம் என்று சொன்னதுதான் அவள் செய்த ஒரே காரியம்.

இந்த ஒரு "ஓம்" பிற்பாடு எங்கே போய் நின்றதென்று சொல்கிறேன்.

அத்தான் இல்லாமற்போன பிறகு அக்காவுக்கு எல்லாமும் வெற்றிலைத் தோட்டந்தான். கடற்பக்கத்து மணலில் சின்னத் துண்டு. அங்கே போனால் அவள் வேறு ஆளாகிவிடுவாள். கொடிகளோடு கதைப்பாள், ஏசுவாள், கொழுந்தைத் தடவிப் பார்த்துச் சிரிப்பாள். வெள்ளென ஒருமுறை தண்ணீர் விட வேண்டும், பின்னேரம் ஒருமுறை. ஒரு நாள் தவறினாலும் கொடி முகம் சுருக்கும். மணல் அப்படி, வெயில் அப்படி. ஆக அவள் ஒவ்வொரு நாளும் வீதி கடந்து போய், வீதி கடந்து வருவாள்.

ஒரு பின்னேரம் அவள் வழமையாகக் கடக்கிற ஒழுங்கை முகப்பில், சந்து வீதியைத் தொடுகிற இடத்தில், நின்றிருக்கிறாள். பஸ்காரன் ஒருவன், நல்லவன், நிறுத்தி, கைகாட்டி, போங்க என்றிருக்கிறான். அக்கா இறங்கினாள். பஸ்சின் மூக்கைத் தாண்டிய அந்த இடத்தில், நின்ற பஸ்சை விலத்திக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் அவளைத் தூக்கி எறிந்தது. ஓட்டியவன் எழும்பித் தட்டிவிட்டுக்கொண்டு, "பாத்து வரத் தெரியாதா?" என்று கேட்டானாம். வீதியில் கிடந்தபடி அக்கா அதைக் கேட்டிருக்கிறாள். காலுக்குள் தகடு வைத்தார்கள். இனி முழங்கால் மடங்காது என்றார்கள். ஊன்றி நடக்க ஒரு பொல்லும் தந்தார்கள். விபத்துக்குக் காரணம் பாதசாரியின் கவனயீனம் என்று எழுதினார்கள். அது எழுதப்பட்டபோது பாதசாரி மயக்கத்தில் இருந்தாள்.

கவனயீனம். இந்தச் சொல்லை நான் வாயில் போட்டு நெடுநாள் சப்பியிருக்கிறேன். எப்போதும் நடந்து போகிறவர்கள் மேல்தான் விழும் சொல் இது. ஓடுகிறவனுக்கு அவசரம் இருக்கும், பிறேக் பிடிக்காமல் போகும், கண்ணில் வெயில் அடிக்கும். நடக்கிறவளுக்குக் கவனயீனம் மட்டுந்தான் இருக்கும்.

டோஹாவில் இருக்கும் அவள் மகன் தொலைபேசியில் ஒற்றைக்காலில் நின்றான். "அம்மா, தோட்டத்தக் குத்தகைக்குக் குடுத்திட்டு வீட்ட இரிங்க. நான் அனுப்புறன்தானே."

"வீட்ட இருந்து என்ன செய்யிற? சுவரப் பாத்துக் கதைக்கவா?"

"உங்களுக்கொண்டு நடந்தா என்னால உடன வரவும் ஏலா அம்மா."

அந்தச் சொல் அவளைக் கொஞ்சம் அசைத்தது. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஊருக்குள் வீதிப் பாதுகாப்புத் திட்டம் வருகிறது, மஞ்சள் கடவை போடப்போகிறார்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சொல்லிக்கொண்டு போயிருந்தது. ஒழுங்கை முகப்பில் கடவை விழுந்தால் தோட்டம் அக்காவுக்கு. விழாவிட்டால் தோட்டம் குத்தகைக்கு. "பெரிய ஆக்கள் போடுற கோடு மனே. அதுல நிண்டா ஆரும் இடிக்கமாட்டான்" என்று அவள் மகனுக்குத் தைரியம் சொன்னாள். அந்த மஞ்சள் மை மேல் அவள் அத்தனை நம்பிக்கை வைத்திருந்தாள்.

முதலில் பலகை வந்தது. அதில் சிரிக்கிற முகமொன்று பெரிதாக. கீழே, "பாதசாரிகள் கவணம்." மூன்று சுழி ணகரம் போட்டு. பிறகு மண்டபத்தில் கூட்டம். தொப்பி தந்தார்கள், துண்டுப்பிரசுரம் தந்தார்கள், எங்கேயோ பனி கொட்டும் ஒரு நகரத்தில் வெள்ளைக்காரர் வரிசையாய் வீதி கடக்கும் படம் காட்டினார்கள். மேடையில் ஒருவர் மக்களின் கவனயீனத்தைப் பற்றி அழகாகப் பேசினார். கவனத்தை எழுதத் தெரியாதவர்கள் எங்கள் கவனயீனத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டியபடி, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகொரு நாள் நான் வெல்லாவெளியிலிருந்து நெல் மூட்டையோடு வந்து இறங்குகிறேன். வீதியில் புது மஞ்சள் பளபளக்கிறது. மை மணம் இன்னும் போகவில்லை. ஆனால் ஒழுங்கை முகப்பில் இல்லை. வளவின் தெற்கு மூலையில், மதகு வளைவுக்குக் கிட்ட. அந்த இடத்தில் ஒரு காலத்தில் அப்பாவின் மாட்டு வண்டில் போய்வர ஒரு கடப்பு இருந்தது. எப்போதோ கம்பியும் அலம்பல் தடிகளும் வைத்து அடைத்துவிட்டோம். எதிர்ப்பக்கம் புது வடிகான், மூடி இல்லாதது, ஆளை விழுங்கும் ஆழம்.

அக்கா வாசற்படியில் இருந்தாள். வெற்றிலைக் கூறு கட்டவில்லை. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? எந்த விசரன் அங்க கொண்டுபோய்ப் போட்டவன்?"

"விசரன் இல்ல. விசரி."

"ஆரு?"

"நான்தான் தம்பி காட்டினன்."

மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மெல்ல மெல்லத்தான் வந்தது கதை. இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், செம்மஞ்சள் அங்கி, கையில் நாடா. தள்ளிய வேலியில் பிறகு போட்ட படலைக் கதவடியில் நின்றபடி ஒருவர் கேட்டிருக்கிறார், "அம்மா, உங்கட கடவை எது?"

"கடவை எண்டு அவன் கேட்டது என்ட காதுல கடப்பு எண்டு விழுந்திட்டு. நாடாவ வேற கண்டன். நெஞ்சு பக்கெண்டிட்டு. போன முறையும் இப்பிடித்தானே வந்து கேட்டானுகள்? ஓம் எண்டன், இரண்டு தென்னையும் போயிட்டு. இந்த முறை சொல்லுவனா? எடுக்கிறதெண்டா அத எடுக்கட்டும் எண்டு பொல்லத் தூக்கி அந்தப் பழைய கடப்பக் காட்டிவிட்டன்."

"அவங்க ஒண்டும் சொல்லல்லயா?"

"நல்லம் அம்மா எண்டு சிரிச்சான். ஒரு கட்டையும் அடிச்சான். எனக்குப் பெரிய சந்தோசம். ஏமாத்திப்போட்டன் எண்டு." நீட்டிய காலைத் தடவிக்கொண்டாள். "தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்த நான் தம்பி."

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தோம். பிறகு அவள் நிறுத்திவிட்டாள், நானும் நிறுத்திவிட்டேன். வீதியில் அரசாங்க பஸ்சும் தனியார் பஸ்சும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அந்த மஞ்சளுக்கு மேலால் போயின.

நடந்து திரியும்போதெல்லாம் இதை நினைத்துக் கொதித்திருக்கிறேன். ஒரு கிழவி பிழையாகக் காட்டிவிட்டாள் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் அவளுக்கு அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கப் பழக்கியது யார்? நாடாவோடு வருகிறவன் எடுக்கத்தான் வருவான், தர வரமாட்டான் என்று எத்தனை வருசமாய் எத்தனை அரசாங்கக் கந்தோர்கள் சேர்ந்து சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஒரு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தர வந்தார்கள். அதையும், வாய்க்குள் வராத ஒரு சொல்லை வைத்துக் கேட்டுவிட்டு, ஏன் கேட்கிறோம் என்று சொல்லாமலே போனார்கள். அடைத்த வேலி அவர்கள் கண்ணுக்கும் தெரிந்துதானே இருக்கும்? வடிகான் தெரிந்துதானே இருக்கும்? நாலு நாளைக்குப் பிறகு மை பூச வந்தவன் கண்ணுக்கு? அவன் வேலியின் வேர் வரை கோடு இழுத்துவிட்டு, தூரிகையைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறான்.

அந்தத் திட்டத்தோடு வந்த வீதிப் பாதுகாப்பு வாரத்தின் மிச்சம் இன்னும் இருந்தது. மறுநாள் விடிய ஒழுங்கை முகப்பில் ஒரு பொலிஸ்காரர், இளம் ஆள். இரவு அங்கே தங்கிய என்னோடு அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து நிற்க, அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அம்மா, கடவையால போங்க. இதால கடக்கேலா."

"கடவை வேலிக்குள்ள போகுது தம்பி."

"கடவைக்குக் கிட்ட வேற இடத்தால கடந்தா அது குற்றம். சட்டம் அம்மா. நான் வச்ச சட்டமில்ல."

"அப்ப வேலி பாயவா? இந்தக் காலோட?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் மண் ஏற்றிய டிப்பர் ஒன்று எங்கள் சட்டைகளைப் படபடக்க வைத்துவிட்டுப் போனது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகவில்லை. பிறந்த நாளிலிருந்து கடந்த இடத்தில், கடவை வந்த பிறகு அவள் குற்றவாளி.

நான் வீதிக்குப் பொறுப்பான கந்தோருக்குப் போனேன். குளிரூட்டிய அறை. பொறுப்பானவர் எழும்பி நின்று கதிரை காட்டினார். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் ஆளைக் கொல்வது. கடவை போய் வேலியில் முட்டுவதைச் சொன்னேன்.

"ஐயா, மக்கள்ட கருத்தக் கேட்டுத்தான் போட்டிருக்கு. வளவுக்காரரிட்டயே கேட்டிருக்கு."

"அந்த வளவுக்காரி என்ட அக்கா."

"அப்ப நீங்க அவவிட்டத்தான் கேக்கணும்."

"அவ கடப்பக் காட்டினவ ஐயா. நீங்க கடவையக் கேட்டிருக்கிறீங்க."

"இரண்டும் ஒண்டுதானே?"

இரண்டும் ஒன்றுதானாம். கடப்பு என்றால் ஒரு வீட்டுக்குள் போகிற வழி. கடவை என்றால் உயிரோடு அக்கரை சேருகிற வழி. இரண்டுக்கும் கடப்பதென்ற ஒரே வேர்தான், நான் சொற்களோடு சீவிக்கிறவன், எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரே இனத்துக் கொடி என்பதற்காக வெற்றிலையையும் மிளகையும் ஒன்றாய்ச் சப்ப முடியுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. "மாத்த ஏலுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"இந்தத் திட்டம் முடிஞ்சிட்டு ஐயா. இனி அடுத்த திட்டம் வந்தா முன்மொழியலாம்."

"வராட்டி?"

"அதுவரைக்கும் கவனமாக் கடக்கச் சொல்லுங்க."

கவனமாக. நான் எழும்பி வெளியே வந்து, வாவிக் கரையில் நின்று, கண்டபடி ஏசினேன். தோணியில் வலை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஆருக்கு அண்ணன் ஏசுறீங்க, மீனுக்கா?" என்றார். "ஓம், மீனுக்குத்தான்" என்றேன். "நல்லா ஏசுங்க, இண்டைக்கு ஒண்டும் படல்ல" என்றார்.

அன்று பின்னேரம் மகன் அழைத்தான். கடவை விழுந்த இடத்தை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "கதை முடிஞ்சுதானே அம்மா" என்றான். "கோடு விழுந்திட்டுதானே மனே. விழல்ல எண்டு ஆரு சொன்ன?" என்றாள் அக்கா. எனக்கு விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கியிராது.

விடிந்ததும், "தம்பி, கத்திய எடு" என்றாள்.

"என்னத்துக்கு?"

"அப்பாட கடப்பத் திறக்கப்போறன்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. "அவனுகள் விட்ட பிழைக்கு நாம வேலிய வெட்டுறதா? கோட்டத்தான் அவனுகள் மாத்தணும். நம்மட வேலி ஏன் மாறணும்?"

"நீ கோட்டுக்குச் சண்டை பிடிச்சிக்கொண்டிரு. கொடிக்கு ரெண்டு நாளாத் தண்ணியில்ல."

நான் கத்தியை எடுத்தேன். கோபம் தீர வெட்டினேன். துருப்பிடித்த கம்பி, உக்கிய அலம்பல், அதற்குள் பாம்புச் சட்டை ஒன்று. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தக் குளிரூட்டிய அறை நினைவுக்கு வந்தது. அரசாங்கம் பிழையாகப் போட்ட கோட்டுக்கு எங்கள் வளவு திரும்பி நிற்க வேண்டியதாயிற்று. அம்மாவின் காலத்து வாசல் ஒரு மைக்கோட்டுக்காகத் தெற்கே போயிற்று. எதிர்ப்பக்கத்து வடிகானுக்கு மேலே, தறித்துப்போட்டுக் கிடந்த எங்கள் தென்னங்குற்றி இரண்டை அயலட்டைப் பொடியன்களோடு சேர்ந்து புரட்டிக்கொண்டு போய்ப் போட்டு, மேலே பலகை அடித்தோம். அகலமாக்கும்போது போன அதே தென்னைகள். "பாரன், இதுகளும் வேலைக்கு வந்திட்டுதுகள்" என்றாள் அக்கா. நான் கடைசி ஆணியை அடித்தேன். வாய் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது அந்தப் பலகையைத் தூக்கி வடிகானுக்குள்ளேயே எறிந்திருப்பேன்.

வெயில் சாய்ந்த நேரம் அக்கா புதுக் கடப்பால் வெளியே வந்தாள். கூட்டத்தில் கொடுத்த தொப்பியைப் போட்டிருந்தாள். பொல்லை மஞ்சளில் ஊன்றினாள். நான் ஒரு அடி பின்னால்.

மதகு வளைவால் ஒரு பஸ் வந்தது. எங்களைக் கண்டு, கோட்டைக் கண்டு, நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "அம்மா, கெதியாப் போங்க, கெதியா!" என்று கையை விசுக்கினான்.

நிற்கிற பஸ்தான் அவளை அன்றைக்குக் கொல்லப் பார்த்தது. நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டாள். பஸ்சின் மூக்கு வரை போய், அங்கே நின்றாள். கழுத்தை நீட்டி அப்பால் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பொல்லைக் குறுக்கே நீட்டினாள்.

மோட்டார் சைக்கிள் வந்தது. பஸ்சை விலத்திக்கொண்டுதான் வந்தது. ரயர் கீச்சிட்டு, பின்பக்கம் ஒருமுறை ஆடி, முன் ரயர் மஞ்சளில் ஏறி நின்றது. பொல்லுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

"பாத்து வரத் தெரியாதாம்மா?" என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அக்கா பொல்லை எடுக்கவில்லை. "நான் பாத்துத்தான் மனே நிக்கிறன். அண்டைக்கும் பாத்துத்தான் வந்த நான். அண்டைக்கு இடிச்சவனும் பாக்கல்ல, நீயும் பாக்கல்ல. கீழ பாரு, இது என்ன?"

அவன் கீழே பார்த்தான்.

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

"அப்ப நில்லு."

கொண்டக்டர் பொறுமை இழந்து, "ஆச்சி, சனம் வீட்ட போறதில்லையா? ஏன் சுணங்கிறீங்க?" என்று கத்தினான்.

"வீட்ட போகத்தான் மனே நானும் சுணங்கிறன்" என்றாள் அக்கா.

பஸ்சுக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் பெரிதாகச் சிரித்தாள். அக்கா மடங்காத காலை அரை வட்டமாய் வீசி வைத்து, வீசி வைத்து, அந்த அகலமான வீதியை மிகவும் ஆறுதலாகக் கடந்தாள். வெற்றிலைக் கூடை இடுப்பில். பஸ் உறுமியது, மோட்டார் சைக்கிள் உறுமியது, பின்னால் ஒரு வான் வந்து அதுவும் உறுமியது. தென்னங்குற்றிப் பலகையில் ஏறியதும் அது கொஞ்சம் ஆடியது. அவள் நின்று, பொல்லால் தட்டிப் பார்த்து, பிறகு மறுகரையில் இறங்கினாள்.

நான் இன்னும் கோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்து ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நின்றேன். அந்தக் கந்தோருக்குக் கேட்குமட்டும் அடிக்கட்டும்.

"தம்பி, வா கெதியா!" அக்கா மணலில் நின்று கத்தினாள். "கொடியெல்லாம் வாடிப்போய்க் கிடக்கு. வந்து தண்ணிக் குழாயப் பிடி!"